ஃபெரிட்டின் என்று ஒரு சோதனை இருக்கிறதென்று எனக்கு யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்

2023 ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் இரண்டு பேரும் படுத்த பிறகு நான் செய்யும் முதல் வேலை, பிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டை எடுப்பது. ஒரு கிண்ணம் நிறையக் கொட்டிக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்து ஒவ்வொரு கட்டியாகக் கடித்து முடிப்பேன். பல் கூசும், தாடை நோகும், ஆனாலும் கை நிற்காது. தட்டு வெறுமையாகிவிட்டால் அடுத்தது உறையும்வரை மனம் அதிலேயே இருக்கும். கொக்குவிலில் இருந்து அம்மா கோல் எடுக்கும்போது, "என்னடி அது நறநறவெண்டு கேக்குது?" என்று கேட்பா. கச்சான் சாப்பிடுறன் என்று பொய் சொல்லியிருக்கிறேன். அது ஒரு கெட்ட பழக்கம், வெளியில் தெரிந்தால் வெட்கம் என்றுதான் நினைத்தேன். அதுவே இரும்புச்சத்துக் குறைவு என்ற என் வருத்தத்தின் மிகத் தெளிவான அடையாளம் என்பதும், உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் இரத்தச் சோதனைதான் ஃபெரிட்டின் என்பதும் தெரிய இன்னும் நான்கு மாதம் எடுத்தது.

எனக்கு அப்போது 38 வயது. வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி, கொள்ளுப்பிட்டியில் கணக்கு வேலை, கணவர் டோகாவில். யாரிடமும் விரிவாகக் கதைக்காமல் தனியாகவே டொக்டர், பார்மசி, லேப் என்று அலைந்தேன். ஏறக்குறைய ஒன்றரை வருடமும் 82,500 ரூபாயும் போனது. அதில் பெரும்பகுதி போகாமல் இருந்திருக்கலாம். அதனால்தான் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

தொடக்கம் 2022 நெருக்கடி என்றுதான் நினைக்கிறேன். அந்த வருடம் கொழும்பில் குடும்பம் நடத்திய எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. மூன்று துண்டு மீன் வாங்கினால் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று, மற்றது அடுத்த நாளைக்கு. இறைச்சி மாதத்தில் ஒரு நாள். எனக்குச் சோறு, பருப்பு, சொதி, சம்பல். சாப்பிட்ட கை கழுவியவுடன் ஒரு பெரிய கோப்பை பிளேன்டீ. அது இல்லாவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. காலையில் பாணோ இடியப்பமோ, கூடவே பால் தேத்தண்ணி. இதை யாரும் என்மேல் சுமத்தவில்லை, எங்கள் அம்மாவும் அப்படித்தான், அவவின் அம்மாவும் அப்படித்தான். அதே வருடத்தில் என் மாதவிடாயும் மாறியது. ஐந்து நாளில் முடிவது எட்டு, ஒன்பது நாள் போனது. முதல் இரண்டு நாளும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பேட் மாற்ற வேண்டும், இரவில் எழும்ப வேண்டும், கட்டி கட்டியாகவும் போகும். நாற்பதை நெருங்கினால் இப்படித்தான் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன். இந்த இரண்டு விசயத்தையும் அன்றைக்கு ஒன்றாக வைத்துப் பார்த்திருந்தால் மிச்சக் கதையே இல்லை.

2022 கடைசியில் களைப்பு தொடங்கியது. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, ஃபோன் பார்ப்பதுபோலப் பாவனை செய்து மூச்சு வாங்குவேன். அப்புறம் தலைமுடி. குளித்தால் தண்ணீர் போகும் வாய் அடைபடும் அளவுக்குக் கொட்டியது. பின்னேரம் கால்களில் ஏதோ ஊர்வதுபோல ஒரு அந்தரம், ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒஃபிஸில் ஒரே கூட்டலை மூன்று தரம் செய்து பார்த்தேன். பிள்ளைகளோடு காரணமில்லாமல் கத்தினேன். இவை ஒவ்வொன்றும் தனித்தனி வருத்தம் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காசு செலவழித்தேன்.

தலைமுடிக்கு ஒரு அழகு நிலையத்தில் நான்கு அமர்வு, 32,000 ரூபாய். அங்கே என் இரத்தத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் கட்டடத்தில் ஒருவர் விற்ற "முடிக்கும் நகத்துக்குமான" கனியுப்புக் குளிசை மூன்று போத்தல், 25,500. நெஞ்சு படபடப்புக்கு ஒரு விசேட வைத்தியரைச் சனல் பண்ணி, ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்ததில் 19,000. இதயம் நன்றாக இருக்கிறது, மன அழுத்தமாக இருக்கலாம், கணவர் வெளிநாட்டில்தானே என்றார். வெளியே வந்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அழுகை வந்துவிட்டது. என் உடம்பில் ஏதோ இருக்கிறது என்று நான் சொல்வதை ஒருவரும் கேட்கவில்லையே என்ற அழுகை. மிச்சம் 6,000 கேஸ்ட்ரிக் என்று பார்மசியில் நானே வாங்கிய ஒமிப்பிரசோலுக்கும் நாரி நோவுக்கு வாங்கிய கல்சியத்துக்கும் போனது. இந்தக் கடைசி 6,000 பிறகு எனக்கு எதிராகவே வேலை செய்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

இதற்குள் ஒரு முழுமையான இரத்தப் பரிசோதனையும் செய்திருந்தேன். ஹீமோகுளோபின் 11.1. "கொஞ்சம் குறைவுதான், பயப்பட ஒன்றுமில்லை" என்றார்கள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கர்ப்பிணிக்கு 11 (நடு மூன்று மாதங்களில் 10.5), ஆண்களுக்கு 13. என் கடதாசியில் செங்குழியத்தின் பருமனைக் காட்டும் எம்சிவி 74 என்று இருந்தது, 80க்கு மேல் இருக்க வேண்டியது. பக்கத்திலேயே குறைவு என்று எல் குறியும் போட்டிருந்தார்கள். அதை ஃபைலில் வைத்துவிட்டு மறந்துபோனேன். உங்கள் வீட்டு ஃபைலில் அப்படி ஒரு ரிப்போட் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. எல் குறி இருக்கும் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, இது என்ன என்று கேளுங்கள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் ஒஃபிஸ் படியில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டேன். கையில் காசும் இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்குப் போனேன். நீண்ட வரிசை, இரண்டரை மணித்தியாலம். உள்ளே இருந்த இளம் டொக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். என் பெருவிரல் நகத்தைத் திருப்பிப் பார்த்தார். அது நடுவில் பள்ளமாகி, ஒரு துளி தண்ணீர் விட்டால் நிற்கும்போல இருந்தது, நான் அதுவரை கவனித்ததே இல்லை. அப்புறம் கேட்டார்: "அக்கா, ஐஸ், அரிசி, மண் அப்படி எதுவும் சாப்பிட விருப்பம் வாறதோ?" எனக்கு வாயடைத்துவிட்டது. கேட்டவர் சிரிக்கவில்லை. இரும்புச்சத்துக் குறைவில் பலருக்கு ஐஸ் கடிக்கும் வெறி வரும், இரும்பு ஏறத் தொடங்கினால் அது போய்விடும் என்றார். அடுத்த கேள்வி மாதவிடாய் எத்தனை நாள் என்பது. 19,000 ரூபாய் கொடுத்த இடத்தில் கேட்காத இரண்டு கேள்வி இங்கே ஐந்து நிமிடத்தில் வந்தது.

ஹீமோகுளோபின் 7.9. எம்சிவி 66. ஃபெரிட்டின் வெளியில் செய்தேன், 2,400 ரூபாய்தான், 4 என்று வந்தது. சுகமாக இருக்கும் ஒரு பெரியவருக்கு 15க்குக் கீழே போனாலே சேமிப்புத் தீர்ந்துவிட்டது என்று பொருள். ஃபெரிட்டினை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். வீட்டில் அரிசி வாளி ஒன்று இருக்கிறது, அடுப்பில் சோற்றுப் பானை ஒன்று இருக்கிறது. வாளியில் அரிசி குறைந்துகொண்டு போனாலும் பானையில் சோறு இருக்கும், சாப்பிடுபவருக்கு ஒன்றும் தெரியாது. வாளியின் அடி தெரிந்த பிறகுதான் பானை குறையத் தொடங்கும். ஃபெரிட்டின் வாளி, ஹீமோகுளோபின் பானை. எல்லாரும் பானையை மட்டும் பார்க்கிறார்கள். களைப்பும் முடி கொட்டுவதும் வாளி காலியாகும்போதே தொடங்கிவிடலாம். ஒரு எச்சரிக்கையும் உண்டு: காய்ச்சலோ உடம்பில் வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாகக் கூடிக் காட்டும். சுகமாக இருக்கும் நாளில் செய்வது நல்லது.

நமது உடம்பு முழுவதிலும் உள்ள இரும்பு 3, 4 கிராம்தான், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். 120 நாள் வாழ்ந்து அழியும் செங்குழியத்தின் இரும்பை உடம்பு வீசாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டில் இருந்து ஒரு நாளைக்கு உள்ளே எடுப்பது 1, 2 மில்லிகிராம் மட்டும். மாதவிடாயில் 80 மில்லிலீற்றருக்கு மேல் போனால் அதை அதிகம் என்கிறார்கள். அந்த அளவு இரத்தத்தோடு 30, 40 மில்லிகிராம் இரும்பு போய்விடும். கணக்கு வேலை செய்கிறவளுக்கு இந்த வரவு செலவு உடனே விளங்கியது. மாதாமாதம் கணக்கில் குறைந்துகொண்டே இருந்திருக்கிறது, நான் தலைமுடிக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன்.

பெரஸ் சல்பேட் 200 மில்லிகிராம் குளிசை தந்தார்கள். ஒரு குளிசையில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம் அளவில் இருக்கும். விலையும் மிகக் குறைவு. நான் என்ன செய்தேன் என்றால், காலையில் கேஸ்ட்ரிக் குளிசை, கல்சியம், மிச்சமிருந்த முடிக் குளிசை, இரும்பு எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி பால் தேத்தண்ணியோடு ஒரே மடக்கில் விழுங்கினேன். ஐந்து வாரம் கழித்து ஹீமோகுளோபின் 8.2. ஐந்து வாரத்தில் அவ்வளவுதான். அப்போதுதான் பார்மசியில் இருந்த வயதான மருந்தாளர் நான் வாங்கும் சாமான்களைப் பார்த்து, "பிள்ளை, இது எல்லாம் ஒண்டாப் போடுறீரோ?" என்று கேட்டார். அவர் சொன்னதைப் பிறகு டொக்டரும் உறுதிப்படுத்தினார். கல்சியம் இரும்பை உள்ளே போகவிடாமல் மறிக்கும், பாலும் அப்படித்தான். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். இரும்பு உறிஞ்சப்பட இரைப்பையில் அமிலம் வேண்டும், நான் ஒமிப்பிரசோல் போட்டு அதைத்தான் குறைத்துக்கொண்டிருந்தேன். அது நீண்ட காலம் போட்டால் மக்னீசியத்தையும் குறைக்கக்கூடிய குளிசை. ஆறு மாதமாக டொக்டரிடம் கேளாமலே போட்டேன். தைரொய்ட் குளிசை எடுப்பவர்கள் அதற்கும் இரும்புக்கும் நடுவில் நான்கு மணித்தியாலம் விட வேண்டும் என்பதையும் அந்த மருந்தாளர்தான் சொன்னார்.

அந்த முடிக் குளிசைப் போத்தலையும் அன்றைக்குத்தான் கண்ணாடி போட்டு வாசித்தேன். நாகம், அதாவது சிங்க், ஒரு குளிசையில் 50 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் மேல் எல்லை 40. நாகத்தை நீண்ட காலம் கூடுதலாக எடுத்தால் செம்பு உறிஞ்சப்படுவது குறையும், செம்பு குறைந்தால் அதுவும் குருதிச்சோகைக்கே கொண்டுபோகும். கனியுப்பு என்றால் கூடக் கூட நல்லது என்று எண்ணியிருந்தேன். ஒன்று கூடினால் இன்னொன்றுக்கு வழி அடைபடும் என்று யாரும் சொன்னதில்லை. அதே ஆள் விற்ற இளஞ்சிவப்பு உப்பையும் ஒரு வருடம் பாவித்தேன், நிறைய தாது இருக்கிறது என்று. அதில் இருக்கும் இரும்பு பொருட்படுத்தும் அளவே இல்லை, அயடினும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. இலங்கையில் 1995இல் இருந்து சாப்பாட்டு உப்பில் அயடின் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பதே கண்டமாலை என்ற கழுத்துக் கட்டியைத் தடுக்கத்தான். பிள்ளைகள் வளரும் வீட்டில் அந்த மலிவான உப்பை நிறுத்தியதை நினைத்தால் இன்றைக்கும் மனம் சுடுகிறது.

சரி, பிறகு ஒழுங்காக எடுத்தேன். காலையில் எழும்பியவுடன் வெறும் வயிற்றில் குளிசை, ஒரு கோப்பை தண்ணீரில் அரைத் தேசிக்காய் பிழிந்து. அதன் பிறகு ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி இல்லை. டொக்டரிடம் கேட்டுக் கேஸ்ட்ரிக் குளிசையை மெதுவாக விட்டேன். மலச்சிக்கலும் குமட்டலும் வந்தபோது ஒன்றுவிட்ட நாள் எடுக்கச் சொன்னார். இரும்புக் குளிசை போட்ட உடனே ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் அடுத்த நாள் இரும்பை வழிமறிக்கும், அதனால் ஒரு நாள் இடைவெளி விட்டால் குளிசைக்குக் குளிசை கூடுதலாக உறிஞ்சப்படும் என்பது விளக்கம். எல்லாருக்கும் இது பொருந்தாது, உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், அது இரும்பின் நிறம், நான் முதல் நாள் பயந்துவிட்டேன். மூன்றாம் கிழமை ஒரு இரவு பிரிட்ஜைத் திறந்தேன், பால் எடுத்தேன், மூடினேன். ஐஸ் தட்டு நினைவுக்கே வரவில்லை என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

2024 ஜனவரியில் ஹீமோகுளோபின் 12.2. சுகம் என்று நானே முடிவெடுத்துக் குளிசையை நிறுத்தினேன். அது என் இரண்டாவது பெரிய பிழை. பானை நிரம்பிவிட்டது, வாளி காலியாகவே இருந்தது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் அளவில் எடுக்க வேண்டும். ஜூன் மாதம் திரும்பவும் ஐஸ் தட்டில் கை போனது. ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் 5. இந்த முறை டொக்டர் குளிசை எழுதுவதற்கு முன்பே, "இரும்பு எங்க போகுதெண்டு பாக்க வேணும், அக்கா" என்றார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் உட்பக்கமாக ஒரு நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் இரத்தம் அவ்வளவு போனதற்குக் காரணம் அதுதான். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹோர்மோன் லூப் என்ற சிறு கருவியை வைத்தார்கள், சில மாதங்களில் இரத்தப்போக்கு மிகவும் குறைந்துவிட்டது. நார்க்கட்டி இருக்கும் எல்லாருக்கும் லூப் சரிவராது, இடத்தையும் அளவையும் பொறுத்தது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இரும்பு குறைவு என்று கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை, ஏன் குறைகிறது என்று கேளுங்கள். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் குடலில் எங்கேயாவது இரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே குளிசை மட்டும் போட்டுக்கொண்டிருப்பது ஆபத்து.

இன்னொன்று. இதை வாசித்துவிட்டுச் சோதனை செய்யாமல் இரும்புக் குளிசை வாங்கிப் போடாதீர்கள். கூடிப்போன இரும்பை வெளியேற்ற நம் உடம்பில் வழி கிடையாது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் மரபணு ஒன்றைக் காவுபவர்களுக்கும் செங்குழியம் சிறிதாகத்தான் இருக்கும், அவர்களுக்கு இரும்பு குறைவாக இருக்கத் தேவையில்லை. இலங்கையில் அப்படிக் காவுபவர்கள் பலர் இருக்கிறார்கள், ஃபெரிட்டின் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். குளிசைப் போத்தலைச் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். இனிப்பு மாதிரி இருக்கும் அந்தச் சிவப்புக் குளிசை சிலது விழுங்கினாலே ஒரு குழந்தையின் உயிர் போகலாம்.

சாப்பாட்டில் நான் மாற்றியதைச் சொல்கிறேன். கீழ் வீட்டு அன்ரி பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொன்னா, அன்போடு கொண்டுவந்தும் தந்தா. பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை, இரண்டிலுமே 100 கிராமில் 1 மில்லிகிராம் அளவில்தான் இருக்கிறது. மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் என்பது கணக்கு. கோழி ஈரலில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம் வரை இருக்கும், வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் இறைச்சியைவிட மலிவாகக் கிடைக்கும். கிழமைக்கு ஒரு நாள் மிளகு போட்டுப் பிரட்டுகிறேன். கர்ப்பிணிகளுக்கு ஈரல் வேண்டாம், விற்றமின் ஏ கூடிவிடும். மற்ற நாளில் நெத்தலி, கௌபி, முருங்கை இலை வறை. மரக்கறியில் இருக்கும் இரும்பு இலேசில் உறிஞ்சப்படாது. கொஞ்சம் மீனோ புளிப்போ கூட இருந்தால் வழி திறக்கும். அதனால் வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் தாராளமாக விடுகிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொய்யா. கௌபி, பயறு எல்லாம் இரவே ஊறவைக்கிறேன், முளைகட்டினால் இன்னும் நல்லது. கல்சியக் குளிசைக்குப் பதிலாக இரவில் குரக்கன் புட்டு, அதில் 100 கிராம் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. காலையில் இரும்பு, இரவில் கல்சியம், இரண்டும் சந்திக்காது. பிளேன்டீயை விடவில்லை, அதை விடச் சொன்னால் நானே கேட்கமாட்டேன். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கிறேன். முதல் கிழமை மட்டும்தான் கஷ்டம்.

2025 மார்ச்சில் ஹீமோகுளோபின் 12.9, ஃபெரிட்டின் 61. முடி முன்போல அடர்த்தி இல்லை, ஆனால் நெற்றிக் கரையில் குட்டி குட்டியாக நிற்கிறது. மீன் மூன்று துண்டு வாங்கினால் ஒன்று என்னுடையது, அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெரியவள் பெரியபிள்ளையாகி ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் அவள் குசினிக்குள் நின்று ஐஸ் கடிப்பதைக் கண்டேன். அடுத்த நாள் காலை லேப் திறக்க முன்பே கூட்டிக்கொண்டு போய் நின்றேன். ஹீமோகுளோபின் 12.3. ஃபெரிட்டின் 11. அவளுடைய குளிசைப் போத்தலும் என் ரிப்போட் ஃபைலும் இப்போது அலுமாரியில் மேல் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அம்மாவுக்கும் கோல் எடுத்தேன், கச்சான் பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, தான் நாற்பது வயதில் பச்சை அரிசி அள்ளித் தின்றதைச் சொன்னா.